சிரமம் புரிகிறது

வீடு என்று சொல்லப்போகிறேன். மேனேஜர் ஃபெலிக்ஸ் என் பெயரைக் கூப்பிட்டதும் மைக்கைத் திறந்து, வீடு சார், என்று சொல்லிவிட்டு மூடிவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது, விளக்கம் கூடாது, சிரிப்பு கூடாது. திரையில் எங்கள் பிரிவு மொத்தமும் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு பீரோவோ கொடிக்கயிறோ தெரிகிறது, ஃபெலிக்ஸுக்குப் பின்னால் மட்டும் ஆபீஸ் கண்ணாடிச் சுவர். ஆங்கில எழுத்து வரிசையில் கூப்பிடுகிறார். இப்போதுதான் நாலாவது எழுத்து, டி. நான் உலகம்மாள், யு, கடைசிக்கு முந்தினவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வரிசை இருந்தவரைக்கும் உ முன்னாடியே வந்துவிடும், சீக்கிரம் உள்ளேன் ஐயா சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கலாம், இங்கிலீஷுக்குள் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஆபீஸில் என்னை உல்ஸ் என்கிறார்கள். தென்காசி அம்மன் பெயரை ஆசையாக வைத்த அப்பா இதைக் கேட்காமல் போய்ச்சேர்ந்தார், நல்லது. கேள்வி இதுதான்: அடுத்த மாதம் முதல் சரவணம்பட்டி ஆபீஸுக்கு தினமும் வருகிறாயா, இல்லை நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாயா. ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. வீடு என்கிறவர்களுக்கு டீம் லீடர் பதவி கிடையாது. அதை ஃபெலிக்ஸ், கேக் வெட்டுகிற கத்தியால் கழுத்தை அறுப்பதுபோல இனிமையாகச் சொன்னார்: தலைமைக்கு நேர்ல இருக்கணும் இல்லையா, முகம் தெரியணும் இல்லையா. என் முகம் இப்போது தெரிகிறதே, இது முகம் இல்லையா, நைட்டிக்கு மேல் அவசரமாகக் குர்தா மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த முகத்தை ஆறு வருஷமாக எதற்குக் கேமராவில் காட்டச் சொன்னார்கள். இருக்கட்டும். பதவி வேண்டாம். வீடு. ஏனென்றால் வீடு எனக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் உண்மை, இத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் அதை மறைக்க முடியாது. காலையில் வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பி, மகள் தாமிரா பள்ளிக்கூட வேன் ஏறி, கதவைச் சாத்திவிட்டுத் திரும்புகிறேனே, அந்தத் திரும்புதலில் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுகிறது. வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டிக்கு இரண்டு பஸ். கம்பியைப் பிடித்த கைக்குக் கீழே எவனாவது முழங்கையை நீட்டுவான், அதைத் தடுக்க ஹேண்ட்பேக்கைக் கேடயம் மாதிரி பிடிக்க வேண்டும், பதிமூன்று வருஷம் அப்படிப் பிடித்ததில் இடது தோள் இன்னும் வலிக்கிறது. டப்பாவில் ஆறிப்போன சாம்பார் சாதம், மேலே ஏடு கட்டியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் மத்தியானச் சாப்பாடு சூடாக இருக்கும் என்பதே தெரிந்தது. மாதத்தில் அந்த மூன்று நாள், வயிற்றில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் நேராக வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். யாரும் பார்க்காத ஒரு பகல். ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் அப்படி எத்தனை பகல் கிடைக்கும்.

அந்தப் பகலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர் வந்து பிடுங்கவில்லை, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தார்கள். முதலில் சிலிண்டர்காரன், அது நியாயம். பிறகு கேபிள், தண்ணீர் மீட்டர், கொசு மருந்து. பிறகு நாலாவது மாடி தேவகி அக்கா, ரொம்ப மரியாதையாகத்தான், ஏனுங்க உலகம்மா, ஒரு பார்சல் வருமுங்க, நீங்க வூட்லதானே இருப்பீங்க, வாங்கி வெச்சுருங்க. வாங்கி வைத்தேன். அப்புறம் முதல் மாடி, எதிர் வீடு, மாடியில் தனியாக இருக்கிற ஜிம் பையன், எல்லாரும் கொரியர்காரரிடம் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டார்கள், ஆள் இல்லாட்டி மூணு பி-ல குடுங்க, அங்க எப்பவும் இருப்பாங்க. எங்கள் ஹாலில் எந்நேரமும் அடுத்தவர் செருப்பும் அடுத்தவர் புரோட்டீன் பவுடரும். தாமிரா, நான் பெற்ற பெண், சிநேகிதியிடம் போனில் சொல்கிறாள், எப்ப வேணா வாடி, எங்கம்மா வீட்லதான் இருப்பா. இந்தத் தானே, தான் இரண்டையும் எனக்குப் பிடிக்காது. என் தொழிலே அது. தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள், எங்கள் ஆட்கள் பதில் சொல்வார்கள், பதிவான பேச்சைப் பிறகு நான் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு மதிப்பெண் போடுவேன். பணிவு இருந்ததா, குரலில் எரிச்சல் தெரிந்ததா, தடைசெய்யப்பட்ட சொல் வந்ததா. நீங்கதானே சார் தேதி குடுத்தீங்க, என்று ஒரு பையன் சொன்னால் மதிப்பெண் போயிற்று, ஏனென்றால் அந்தத் தானேயில் குற்றச்சாட்டு இருக்கிறது. சும்மா என்று சொல்லக்கூடாது. அதான் சொன்னேனே என்று சொல்லக்கூடாது. அவர்களும் வீட்டிலிருந்து பேசுகிறவர்கள், பாதிப் பேர் பெண்கள், குரலுக்குப் பின்னால் குக்கர் கூவும், தொட்டில் கம்பி கிறீச்சிடும், யாரோ ஒரு ஆள், ஏய், சட்டை எங்க, என்று கத்துவான், அவள் அதே நொடியில் வாடிக்கையாளரிடம், நிச்சயமாக சார், என்பாள், குரல் ஒரு இழை நடுங்காது. முகம் தெரியாத அந்தப் பெண்களின் வீடெல்லாம் எனக்குத் தெரியும், எந்த வீட்டில் கதவு தட்டாமல் திறக்கப்படுகிறது என்பது தெரியும். பின்சத்தத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று விதி. குக்கருக்குக் குறைக்கலாம். சட்டை எங்க என்று கத்துகிறவனுக்கு எங்கே குறைப்பது, அதற்கு இடம் கிடையாது. ஃபெலிக்ஸ் ஜே எழுத்துக்கு வந்துவிட்டார். ஜெயபால், ஆபீஸா வீடா. ஆபீஸ் சார், ஆளை விட்டாப் போதும், வீட்ல இருந்தா எங்கம்மா கறிவேப்பிலை வாங்க அனுப்பிட்டே இருக்காங்க. எல்லாக் கட்டமும் சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஜெயபாலுக்குக் கறிவேப்பிலை. எனக்கு வருவது கறிவேப்பிலை இல்லை.

எனக்கு வருவது மாமா. என் மாமனார். ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து வேன் பிடித்து அழைத்து வருகிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது கொழுந்தன் ஆறுமுகம் வீட்டில் இருக்கிறார். கோபம் மாமாமேல் இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் கோபம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிடும். கண்டக்டராக இருந்தவர், நெரிசலில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே ஏற்றுகிற குரல், கல்யாணமான புதிதில் நான் யாரோடும் பேசாமல் அடுப்படியில் நின்றால், தாயி, உள்ள ரொம்ப நிக்காத, முன்னால வா, என்று பஸ்ஸில் சொல்வதுபோலவே சொல்வார். அந்த மனுஷனைக் கக்கூஸுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போக எனக்குக் கூச்சம் இல்லை, அருவருப்பு இல்லை, என் அம்மாவுக்குச் செய்திருக்கிறேன். ஆனால் காதில் ஒரு அந்நியனின் குரல் ஓட, விரல் மதிப்பெண் தட்ட, பக்கத்து அறையில் தாயி என்றால் நான் எழுந்து போக வேண்டும். எழுந்து போனால் இந்த லேப்டாப் மெஷின் படம் பிடிக்கும், நாற்காலி காலி என்று பதியும். நான் வீட்டில் இருக்கிறேனா என்று கம்பெனிக்குச் சந்தேகம், நான் வேலை செய்கிறேனா என்று வீட்டுக்குச் சந்தேகம், இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். எப்படி வந்தது இது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார். உலகா, அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துரலாம்னு நெனைக்கேன். ஆறுமுகம் வீட்ல பகல்ல ஒருத்தரும் இல்லலா. அவன் பொண்டாட்டி வேலைக்குப் போறவ. நீ வீட்லதான இருக்க. நான் அப்போது சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன், இல்லை, பிசைந்து முடித்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு உருண்டை கையிலேயே நின்றுவிட்டது. வேலைக்குப் போறவ. கொழுந்தன் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர், மூன்று தெரு தள்ளி நடந்து போகிறாள், போகிறாள், அதுதான் விஷயம், கால் வாசலைத் தாண்டுகிறது. நம் பாஷையிலேயே வேலை செய்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை, வேலைக்குப் போறியா என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரும்போதே அப்படித்தான், பொண்ணு வேலைக்குப் போகுதா. போகாவிட்டால் அது வேலை இல்லை. நான் எங்கே போகிறேன், படுக்கையறையிலிருந்து இந்தச் சின்ன அறைக்கு, அடுப்படியைத் தாண்டி. அந்த அறையும் போகப்போகிறது. அப்பா அந்த ரூம்ல இருக்கட்டும், கக்கூஸ் பக்கம், நீ லேப்டாப்ப ஹால்ல வச்சுக்க, என்றார், அதாவது தேவகி அக்கா செருப்புக்கும் ஜிம் பையன் பவுடருக்கும் பக்கத்தில்.

அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். உருண்டையை அவர் முகத்தில் எறிந்திருக்கலாம், மாவு மெத்தென்றுதான் இருக்கும், வலிக்காது. எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, அதுதான் இந்தத் தொழில் எனக்குச் செய்த உபகாரம். மதிப்பெண் போடுகிற நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் நானும் போன் எடுத்தவள்தான். முதல் நாள் பயிற்சியிலேயே நெட்டுருப் போட வைத்தார்கள்: வாடிக்கையாளர் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவுக்கு உன் குரல் இறங்க வேண்டும், அவர் மூச்சு விடுகிற இடத்தில் சொல், உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. இந்த வரியின் அழகே அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது என்பதுதான். ஆள் அனுப்புகிறேன் என்று அர்த்தம் இல்லை, பணம் திரும்பும் என்று இல்லை, தப்பு எங்களுடையது என்று இல்லவே இல்லை. ஒப்புக்கொள்ளாமல் உருகுவது. வாடிக்கையாளர்களுக்கே இது தெரியும், ஒரு பெரியம்மா போன வாரம் ஒரு பதிவில் கேட்டாள், புரியுது புரியுதுங்கிறியே, என்னடி புரியுது உனக்கு, ஆளு எப்ப வருவான் அதைச் சொல்லு. தண்ணீர் மெஷின் ஒழுகுகிற பெரியம்மாவுக்குத் தெரிந்தது, பத்தொன்பது வருஷம் என்னோடு ஒரே கூரையில் இருக்கிற மனுஷனுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லி முடித்ததும் எனக்கு உச்சந்தலைவரை ஏறிய கோபம், அந்த ஏற்றத்திலேயே குரல் தானாக இறங்கிவிட்டது, பழக்கம், உடம்பில் ஊறின பழக்கம், நான் மாவு உருண்டையைப் பார்த்துக்கொண்டே தெளிவாக, பணிவாக, உங்க சிரமம் எனக்குப் புரியுது, என்றேன். பணிவுக்கு முழு மதிப்பெண். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த நிமிஷம் ஹாலுக்குப் போய்ப் போனைப் போட்டார், ஆறுமுகம், அவகிட்ட சொல்லிட்டேன்டே, அவ சரின்னுட்டா. சரி என்று நான் சொல்லவே இல்லை. புரியுது என்றேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், ஏங்க, அது கம்பெனி வரி, அதற்கு அர்த்தம் கிடையாது என்று. மனைவி பேசினது கம்பெனி வரி என்று புருஷனிடம் எப்படிச் சொல்வது. மறுநாள் மாமாவே போன் செய்தார், அந்தப் பழைய குரல் நொண்டிக்கொண்டு வந்தது, தாயி, ஒனக்கு எடஞ்சலா இருக்குமோ. இடுப்பு உடைந்த மனுஷனிடம் ஆமாம் மாமா இடைஞ்சல்தான் என்று சொல்கிற நாக்கு உலகத்தில் எந்த மருமகளுக்கு இருக்கிறது. அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, வாங்க, என்றேன். வாங்க என்று சொன்னதும் எனக்குள் இருந்த யாரோ ஒருத்தி எழுந்து அறையை விட்டுப் போய்விட்டாள். எம் வந்துவிட்டது. மோகனா, வீடு சார், கைக்குழந்தை இருக்கு, குரலுக்குப் பின்னால் அந்தக் குழந்தையே சிணுங்கி ஆமாம் என்கிறது. நோட்டட், என்று குறித்துக்கொள்கிறார் ஃபெலிக்ஸ். வீடு என்று நான் சொன்னால் எனக்கும் நோட்டட். அப்புறம் மாற்ற முடியாது, மாமாவுக்குக் குணமானாலும் மாற்ற முடியாது, குணமாகாவிட்டாலும். பிறகு யாருக்கு இடுப்பு உடையுமோ, யார் பிரசவமோ, யார் வீட்டுப் பூனையோ, எல்லாம் மூணு பி-க்கு. ஆனாலும் வீடு. கதவைச் சாத்திவிட்டுத் திரும்புகிற அந்தக் காலை. அதில் கொஞ்சமாவது மிஞ்சும். ஒரு மணி நேரமாவது மிஞ்சாதா, மாமா தூங்குகிற நேரம்.

காலிங் பெல். இப்போதா. பி முடிந்துகொண்டிருக்கிறது, ஆர் வரும், எஸ்ஸில் நாலு பேர் இருக்கிறார்கள், டி, பிறகு நான். போகாவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார்கள், மைக் மூடித்தான் இருக்கிறது, ஹெட்செட்டுக்கு ஒயர் இல்லை, காதில் மாட்டியபடியே வாசலுக்குப் போகலாம், நாற்காலி காலி என்று மெஷின் படம் பிடித்தால் பிடிக்கட்டும். எழுந்தேன். கதவைத் திறந்தால் ரங்கசாமி, எங்கள் பகுதிக்கு வருகிற கொரியர்காரர், நரைத்த மீசை, தோளில் துண்டு, முன்னால் அவர் இடுப்புயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி, மூச்சு வாங்குகிறது. நாலாவது மாடிக்கா, என்றேன் எரிச்சலை மறைக்காமல். இல்லீங் அம்மிணி, என்று சிரித்தார், இன்னைக்கு உங்களுக்கேதானுங். ஊருப் பார்சலையெல்லாம் வாங்கி வெக்கறீங்க, ஒரு நாளைக்கு உங்களுக்கு வரக்கூடாதுங்களா. எனக்கா, நான் ஒன்றும் வாங்கவில்லையே. பெட்டியைத் திருப்பினார், உலகம்மாள், மூணு பி, என் போன் நம்பர், எல்லாம் சரி, கீழே பொருளின் பெயரை அவரே எழுத்துக்கூட்டி வாசித்தார், கமோடு சேர், கை வெச்சது. வூட்ல ஆருக்காச்சும் மேலுக்கு முடியலீங்களா. மாமனாருக்கு, என்றேன். வந்துட்டாருங்களா. ஞாயித்துக்கிழமை வராரு. அட, என்றார் அவர், ஆளுக்கு முன்னால சேரு வந்துருச்சுங்க. காதுக்குள் ஃபெலிக்ஸ் சுகந்தியைக் கூப்பிடுகிறார், வாசலில் இந்தப் பெட்டி. வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மில்லில் உட்கார்ந்து போனில் படம் பார்த்து, இது நல்லா இருக்கே என்று தட்டி, யார் பெயருக்கு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார், ஏனென்றால் வாங்கி வைக்க ஆள் நான். உள்ள வெக்கட்டுங்களா, எந்த ரூமுங்க, என்றார் ரங்கசாமி, பாவம், அவருக்கு அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை. எந்த ரூம். எனக்குப் பதில் தெரிந்தது, இந்தச் சின்ன அறையைக் காட்டினேன். ரங்கசாமி பெட்டியை நகர்த்திக்கொண்டு போய், என் மேசைக்கும் சுவருக்கும் நடுவில், நான் காலை நீட்டுகிற இடத்தில் வைத்தார், சரியாகப் பொருந்தியது, வீட்டுக்காரர் அளந்து வாங்கியிருக்கிறார். ஆமாம், போன வாரம் ராத்திரி டேப்பை வைத்து இந்த அறையை அளந்துகொண்டிருந்தார், நான் புது மேசை வாங்கித் தரப்போகிறாரோ என்று நினைத்தேன், வேண்டாம் என்று சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயாரித்து வைத்திருந்தேன், வெட்கக்கேடு. திரையில் பார்த்தால் என் கட்டத்தில் என் தலைக்குப் பின்னால் அந்தப் பெட்டி, பெரிய எழுத்தில் அதன் பெயர். அதை மறைக்கலாம் என்று நாற்காலியை இழுத்தேன், எப்படி இழுத்தாலும் தெரிந்தது. தேன்மொழி, என்றார் ஃபெலிக்ஸ், வீடு சார், நோட்டட்.

உல்ஸ், உங்களுக்கு வீடுன்னு நானே போட்டுட்டேன், சரிதானே. மைக்கைத் திறந்தேன். என் விரல் திறந்தது. திறந்த பிறகு ஒரு மூச்சு இருந்தது, எல்லாக் கட்டங்களும் என்னைப் பார்த்தன, என்னையும் பெட்டியையும், தலைக்குள் வீடு வீடு என்று தயாராக இருந்த சொல்லைத் தேடினேன், அது அங்கேதான் இருந்தது, ஆனால் அதைத் தூக்க முடியவில்லை, அத்தனை பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் அதன்மேல். இல்ல சார், ஆபீஸ், என்றேன். ஃபெலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஷ்யூரா உல்ஸ், அப்புறம் மாத்த முடியாது. தெரியும் சார். என்ன திடீர்னு. வேலைக்குப் போகணும்னு இருக்கு சார், என்றேன். ஜெயபால் மைக்கைத் திறந்து, அக்கா, அப்ப இத்தனை நாள் எங்களுக்குக் கொறச்ச மார்க்கெல்லாம் சும்மாவா, என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டினேன், கட்டத்துக்குள் நான் சிரிப்பது தெரிந்தது. நோட்டட். அவ்வளவுதான். வினோத் என்றார் ஃபெலிக்ஸ், அவனும் ஏதோ சொன்னான், கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நிம்மதி வரும் என்று நினைத்தேன், ஒரு எழவும் வரவில்லை. தோள் வலிக்க ஆரம்பித்தது, பஸ் கம்பியை இன்னும் பிடிக்கவே இல்லை, அதற்குள். இந்த வெளிச்சம் போயிற்று, மத்தியானம் ஜன்னல் கம்பி நிழல் தரையில் நகர்ந்து மேசைக் காலைத் தொடுகிற நேரம் போயிற்று, சுடுசோறு போயிற்று, வெந்நீர்ப் பை போயிற்று. எனக்கு ஆபீஸ் பிடிக்காது. அந்தக் கண்ணாடிச் சுவரும் ஏசிக் குளிரும் கழிவறைக்கு வெளியில் நின்று மேக்கப் பேசுகிற பெண்களும் எனக்குப் பிடிக்காது. என் வீட்டிலிருந்து என்னை யாரும் துரத்தவில்லை, யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், அவளே போனாள், நன்றாகத்தானே இருந்தது அவளுக்கு, வீட்டிலேயே இருந்து, வெயில் படாமல். பிடித்த இடத்தை விட்டுப் பிடிக்காத இடத்துக்குப் போவதைச் சண்டைபோட்டு ஜெயித்ததுபோல நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும், இனி வருஷக்கணக்காக.

வீட்டுக்காரருக்கு மில்லுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், சேர் வந்துட்டா, என்றார், சந்தோஷமாக, ஒரு நல்ல காரியம் செய்த குரல். வந்துட்டு. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நான் ஆபீஸுன்னு சொல்லிட்டேன். எந்த ஆபீஸு. என் ஆபீஸு, அடுத்த மாசம் இருந்து தெனம் போகணும். வெளையாடாத உலகா. வெளையாடல. ஏட்டி, அன்னைக்கு நீதான புரியுதுன்ன. புரியுதுன்னுதான் சொன்னேன், சரின்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணுதான. இல்ல, என்றேன். இல்ல என்று நான் சொன்னது எனக்கே கேட்டது, மெதுவாகவும் இல்லை, பணிவாகவும் இல்லை, தென்காசியில் அண்ணனோடு சண்டை போடுகிறவளின் குரல், இத்தனை வருஷம் எங்கே கிடந்ததோ. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். அப்பம் அப்பாவ யாரு பாப்பா. மாமா வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. காலைல நான் குளிப்பாட்டி விடுதேன், ராத்திரி நான் பாத்துக்கிடுதேன். பகலுக்கு நீங்க சொல்லுங்க. நான் என்ன சொல்ல, என்றார், எனக்கு ஆபீஸ் இருக்குல்லா. அதைச் சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். சொன்ன சொல் அவர் காதிலேயே போய் விழுந்திருக்க வேண்டும். இந்த இடத்தில், எங்கள் தொழிலில், பேசாமல் இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் மௌனமாகிவிட்டால் நீ நிரப்ப வேண்டும், காத்திருந்ததற்கு நன்றி என்றோ, வேறு வழி பார்க்கிறேன் என்றோ, ஏதாவது ஒன்று, காலியாக விட்டால் அதற்கும் மதிப்பெண் போகும். நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஆள் வைத்துக்கொள்ளலாம், நீங்கள் லீவு போடலாம், ஆறுமுகத்தோடு மாதத்துக்கு ஒருத்தராக மாற்றிக்கொள்ளலாம், சரி விடுங்க நானே ஃபெலிக்ஸிடம் கெஞ்சிப் பார்க்கிறேன், எல்லா வழியும் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் நானே யோசித்து, நானே சொல்லி, நானே செய்து முடித்துவிடலாம். ஒன்றையும் சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நின்றேன். அவர் பக்கத்தில் மில்லின் தூரத்து இரைச்சல், ஒரு மின்விசிறி, காகிதம் படபடப்பது. ஹலோ, என்றார். இருக்கேன், என்றேன். அப்புறம் யாரோ அவரிடம் வந்து, சார் டீ, என்றார்கள். மேசையில் கண்ணாடி டம்ளர் வைக்கிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. அவர் டீயை உறிஞ்சுகிற சத்தம் எனக்குத் தெரியும், அது வரவில்லை. நான் காத்திருந்தேன்.